35 நிமிஷத்துக்கு 36 மணி நேரம்

நாலு வருஷமா இந்த மேகஸினை படிச்சு ஸ்டேட்டஸ்ல ஷேர் மட்டும் பண்ணிட்டிருந்தவன் நான். எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ் மீடியம். அதனால ஒற்றுப்பிழை எல்லாத்தையும் எடிட்டர் டீம் திருத்திடுவாங்கன்னு நம்பி ஆரம்பிக்கிறேன்.

எங்க பேண்டை கல்ச்சுரல்ஸ்ல பார்த்திருப்பீங்க. வாசிக்கிறவங்க நாலு பேர். அஞ்சாவது ஆள் நான். எனக்குப் பாடவும் வராது, வாசிக்கவும் வராது. மிக்ஸர் பக்கத்துல நிக்கிறதும் கணக்கு நோட்டு எழுதுறதும்தான் என் வேலை. வெளியூர் ஷோ முடிச்சு வந்தா எல்லாரும் கேக்குற முதல் கேள்வி, "செம ஜாலியா இருந்திருக்குமே?" அதுக்கான முழு பதில்தான் இந்தக் கட்டுரை. அடுத்த வருஷம் பேண்ட் ஆரம்பிக்கலாம்னு ஐடியா இருந்தா கடைசி வரைக்கும் படிங்க.

நேரம் எங்க போகுது?

கோயம்புத்தூர்ல ஒரு காலேஜ் ஷோவுக்குப் போனதை உதாரணமா எடுத்துக்குவோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு மந்தைவெளியில எங்க பேஸ் கிட்டாரிஸ்ட் வீட்டு மொட்டை மாடியிலிருந்து சாமான் இறக்க ஆரம்பிச்சோம். ரெண்டு ஆட்டோ பிடிச்சு சென்ட்ரல், அங்கிருந்து ராத்திரி ரயில். திரும்பி வந்து அதே மாடிப்படி ஏறும்போது ஞாயித்துக்கிழமை காலை ஆறரை. மொத்தம் 36 மணி நேரம். அதுல மேடையில நின்னது 35 நிமிஷம்.

மீதி நேரத்துல பாதிக்குக் கொஞ்சம் கம்மி ரயிலுக்குப் போச்சு. பாக்கி எல்லாம் காத்திருக்கிறதும் தூக்குறதும்தான். பேண்ட்னா பாட்டுன்னு நினைச்சுதான் எல்லாரும் ஆரம்பிக்கிறோம், ஆனா ஒரு பேண்ட் நிலைக்குமா உடையுமான்னு முடிவாகிறது மீதி முப்பத்தஞ்சு சொச்சம் மணி நேரத்துல. நான் சொல்ல வந்த ஒரே விஷயம் இதுதான்.

இது புதுக் கஷ்டம் இல்ல

ஊர் ஊரா போற சின்னக் குழு நம்ம ஜெனரேஷன் கண்டுபிடிச்சது இல்ல. 'பாவலர் பிரதர்ஸ்' பேரு கேள்விப்பட்டிருப்பீங்க. பண்ணைப்புரத்துக்காரர் பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகள்ல பாடினவர். 1958-ல நடந்த தேவிகுளம் இடைத்தேர்தல்ல கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காகப் பிரசாரம் பண்ணினார். தேயிலைத் தோட்டத்துல தமிழ்த் தொழிலாளர்கள் நிறைய இருந்த தொகுதி அது. ரோசம்மா ஜெயிச்சாங்க.

அந்தக் குழுவுல 14 வயசுல சேர்ந்த தம்பிதான் பின்னாடி இளையராஜா ஆனார். அதுக்கப்புறம் கிட்டத்தட்ட பத்து வருஷம் தென்னிந்தியா முழுக்க ஊர் ஊரா மேடைதான். 1968-ல சென்னைக்கு வந்து மயிலாப்பூர்ல ஒரு லாட்ஜ் அறையில தன்ராஜ் மாஸ்டர்கிட்ட வெஸ்டர்ன் மியூசிக்கை முறையா எழுதப் படிக்கக் கத்துக்கிட்டார். 'அன்னக்கிளி' வந்தது 1976-ல. முறையான படிப்புக்கு முன்னாடி பத்து வருஷம் ரோடு. நம்ம சிலபஸ்ல லேபை முதல்ல முடிச்சுட்டு அப்புறம் தியரி படிச்ச மாதிரி.

பாவலர்கிட்ட கவனிக்க வேண்டிய டெக்னிக் ஒண்ணு இருக்கு. ஜனங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்ச சினிமா மெட்டுல கட்சிப் பாட்டு எழுதிப் பாடுவார். புது ஊர்ல, புது முகத்துக்கு முன்னாடி மெட்டும் புதுசு, வரியும் புதுசுன்னா கூட்டம் நிக்காது. இதை நாங்க கோயம்புத்தூர் மேடையில பட்டுத் தெரிஞ்சுக்கிட்டோம். முதல் ரெண்டு சொந்தப் பாட்டுக்கு ஆடியன்ஸ் போனைத்தான் பார்த்தாங்க. மூணாவதா எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு மெட்டை எடுத்ததும் தலையைத் தூக்கினாங்க. அதுக்கப்புறம் பாடின சொந்தப் பாட்டை நின்னு கேட்டாங்க.

எதை எடுத்துட்டுப் போகணும்?

ரயில்ல ஸ்லீப்பர் கிளாஸ்ல ஒரு ஆளுக்கு 40 கிலோ லக்கேஜ் இலவசம். கேக்க நிறைய மாதிரி இருக்கும். ஆனா முழு டிரம் கிட் எடையைவிட இடத்தைத்தான் அடைக்கும், பெர்த்துக்கு அடியில போகவே போகாது. அதனால டிரம்ஸ், பெரிய ஆம்ப் எல்லாம் ஷோ நடத்துறவங்க ஏற்பாடு பண்ணணும். இதுக்குப் பேர் பேக்லைன். டிரம்மர் கையில எடுத்துட்டுப் போறது ஸ்னேர், சிம்பல், கிக் பெடல் மட்டும்தான். சவுண்டு ஆளுக்கு ஆள் மாறுறதும், அடுத்தவன் உடைச்சிடுவானோன்னு பயப்பட வேண்டியதும் இந்த மூணுலதான். சிம்பல் எல்லாம் வெண்கலம், பையை ஒரு தடவை தூக்கிப் பாருங்க, புரியும்.

ஒவ்வொரு இசையும் இந்த எடைப் பிரச்சினையைத் தன் வழியில சமாளிச்சிருக்கு. மார்கழியில மயிலாப்பூர் சபாக்கள்ல தம்புரா பக்கத்துலயே ஒரு சின்ன எலெக்ட்ரானிக் பெட்டி சுருதி போடுறதைப் பார்த்திருப்பீங்க. அதை ஜோல்னாப் பையில போட்டுக்கலாம். நிஜத் தம்புராவுக்கு ரயில்ல தனி சீட்டே வேணும்.

கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடி ரெண்டு பேப்பர் அனுப்பணும். யார் எங்க நிப்பாங்கங்கிற மேடை வரைபடம் ஒண்ணு. எத்தனை மைக், எத்தனை லைன், எதுக்கு 48 வோல்ட் ஃபேன்டம் பவர் வேணும்ங்கிற இன்புட் லிஸ்ட் இன்னொண்ணு. வாட்ஸ்அப்ல அனுப்பினாலும் பிரிண்ட் எடுத்துக் கையில வெச்சுக்கங்க. மேடையில மைக் செட் போடுற அண்ணனுக்கு அந்த வாட்ஸ்அப் மெசேஜ் போய்ச் சேர்ந்திருக்காது.

மூணாவது பின்னை வெட்டாதீங்க

இந்த ஒரு பகுதியை மட்டுமாவது படிச்சிடுங்க, ப்ளீஸ்.

கிட்டார் பிக்கப்போட அவுட்புட் இம்பீடன்ஸ் அதிகம். சாதாரண கிட்டார் கேபிளுக்கு மீட்டருக்கு சுமார் 100 பிகோஃபாரட் கெபாசிட்டன்ஸ் இருக்கும். ரெண்டும் சேர்ந்தா ஒரு லோ-பாஸ் ஃபில்டர், அதாவது நாம செகண்ட் இயர்ல போட்ட அதே ஆர்.சி. சர்க்யூட். கேபிள் ஆறேழு மீட்டர் தாண்டினா சத்தம் மந்தமாகும். மேடையிலிருந்து மிக்ஸர் 30 மீட்டர் தள்ளி இருக்கும். அதுக்குத்தான் டி.ஐ. பாக்ஸ். சிக்னலை லோ இம்பீடன்ஸ் பேலன்ஸ்டு லைனா மாத்தி எக்ஸ்.எல்.ஆர். கேபிள்ல அனுப்பிடும்.

அடுத்து 'ஹ்ம்ம்'னு வர்ற 50 ஹெர்ட்ஸ் இரைச்சல். ஆம்புக்கு ஒரு இடத்துலயும் மிக்ஸருக்கு வேற இடத்துலயும் கரென்ட் எடுத்தா ரெண்டு எர்த்துக்கும் நடுவுல ஒரு லூப் உருவாகும். டி.ஐ. பாக்ஸ்ல கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்ச் இருக்கு, அதைத் தட்டுங்க. இல்லன்னா எல்லாத்துக்கும் ஒரே பாயின்ட்டிலிருந்து கரென்ட் எடுங்க. நம்ம ஊர்ல பண்றது என்னன்னா, பிளக்ல இருக்கிற மூணாவது பின்னைக் கழட்டி விட்டுடுவாங்க. இரைச்சல் நின்னுடும். கூடவே உங்க பாதுகாப்பும் போயிடும்.

ஏன்னா கிட்டார் கம்பி ஆம்போட மெட்டல் பாடியோட இணைஞ்சிருக்கு. ஆம்புக்கு எர்த் இல்லாம உள்ளே லீக்கேஜ் இருந்தா கம்பியிலயும் கரென்ட் இருக்கும். மைக் எர்த்ல இருக்கும். கை கம்பியில, உதடு மைக்ல. நடுவுல சர்க்யூட்டை முடிச்சு வைக்கிறது நீங்கதான். 1972-ல ஸ்டோன் த க்ரோஸ்ங்கிற ஸ்காட்லாந்து பேண்டோட கிட்டாரிஸ்ட் லெஸ் ஹார்வி, ஸ்வான்சீ ஊர்ல மேடையிலயே மைக்ல ஷாக் அடிச்சு இறந்துபோனார்.

எங்க வோகலிஸ்டுக்கும் ஒரு ஹால்ல உதட்டுல ஷாக் அடிச்சது. எந்த ஹால்னு இங்க வேணாம். நல்ல வேளை, சின்ன ஷாக். ஷோ நின்னா பேமென்ட் போயிடும்னு பயந்து மைக் மேல கைக்குட்டையைச் சுத்திப் பாட வெச்சேன். இன்னிக்கு வரைக்கும் நான் வெக்கப்படுற முடிவு அது. ஒரு இ.சி.இ. பையன் பண்ற வேலையா? இப்போ ஒவ்வொரு மேடையிலயும் முதல் வேலையா மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்ல வெச்சு, ஒரு முனையைக் கிட்டார் கம்பியிலயும் இன்னொண்ணை மைக் வலையிலயும் வெச்சுப் பார்ப்பேன். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டணும். இல்லன்னா எலெக்ட்ரீஷியன் வர்ற வரைக்கும் யாரும் கம்பியைத் தொடக் கூடாது.

சின்ன பேண்டுக்கு ஏன் டைம் கிடைக்காது?

சவுண்ட் செக் தலைகீழ் வரிசையில நடக்கும். கடைசியா வாசிக்கப்போற பெரிய பேண்ட் முதல்ல செக் பண்ணும். முதல்ல வாசிக்கிற சின்ன பேண்ட் கடைசியா பண்ணும். அப்போதான் மேடை அப்படியே நம்ம செட்டப்போட ரெடியா இருக்கும். லாஜிக் சரிதான். ஆனா பெரிய பேண்ட் ஒரு மணி நேரம் லேட்டா வந்தா அந்த ஒரு மணி நேரம் நம்ம செக்கிலிருந்துதான் போகும். கோயம்புத்தூர்ல எங்களுக்குக் கிடைச்சது, ஒவ்வொரு லைனும் வருதான்னு பார்க்குற அளவுக்கு எட்டு நிமிஷம்.

அடுத்த சுவர் ராத்திரி பத்து மணி. 2000-ம் வருஷ ஒலி மாசு விதிகள்படி பத்திலிருந்து காலை ஆறு வரைக்கும் திறந்தவெளியில ஒலிபெருக்கி கூடாது, சிறப்பு அனுமதி இருந்தா வேற. குத்துவிளக்கு, வரவேற்புரை, சீஃப் கெஸ்ட் பேச்சு, பொன்னாடை எல்லாம் இழுத்தாலும் பத்து மணி தள்ளிப் போகாது. எங்க 45 நிமிஷம் 35 ஆனது அப்படித்தான். அதனால எந்தப் பாட்டை வெட்டலாம்னு ரயில்லயே முடிவு பண்ணிடுங்க. மேடையில முடிவு பண்ணினா சண்டைதான் வரும்.

கணக்கு

கோயம்புத்தூர் ஷோவோட கணக்கு அப்படியே தர்றேன். பேமென்ட் 20,000 ரூபாய். செலவு: ரயில் 3,250, ஆட்டோ 1,600, சாப்பாடு 2,400, கம்பி, ஸ்டிக் 900, ஷோவுக்கு முன்னாடி தி.நகர்ல எடுத்த ஜாம் ரூம் வாடகை 3,000. மொத்தம் 11,150. மிச்சம் 8,850, அஞ்சு பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு 1,770. அந்தப் பணம் கைக்கு வந்தது ஷோ முடிஞ்சு 47 நாள் கழிச்சு. பாதிப் பணம் அட்வான்ஸ் வராம டிக்கெட் புக் பண்ணாதீங்க.

கணக்கு கரெக்ட்டா இருக்கு இல்ல? நானும் அப்படித்தான் நினைச்சேன். அந்த ட்ரிப் முடிஞ்சு மூணு வாரத்துல எங்க டிரம்மர் பேண்டை விட்டுப் போயிட்டான். பிளேஸ்மென்ட் பிரஷர்னு நாங்களே சொல்லிக்கிட்டோம். பத்து நாள் கழிச்சு அடையாறு சிக்னல் பக்கத்து டீக்கடையில உக்காந்தப்போதான் சொன்னான்: "மச்சி, ரெண்டு வருஷமா ஜாம் ரூமுக்கு சிம்பல் பையோட தினம் ஆட்டோவுல வர்றது நான்தான். நீங்கல்லாம் கிட்டாரை முதுகுல மாட்டிட்டு பஸ்ல வந்துடுவீங்க. ஒரு நாள்கூட யாரும் கேக்கல. நான் கேட்டா சில்லறைக்கு அலையுற மாதிரி ஆயிடும்."

வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டினேன். ஷோ ஆட்டோ எல்லாம் எழுதியிருக்கேன், பிராக்டிஸ் ஆட்டோ ஒரு வரிகூட இல்ல. ரெண்டு பேரும் உக்காந்து தோராயமா போட்டுப் பார்த்தா எட்டாயிரத்துக்கு மேல வந்தது. அதை ரெண்டு தவணையில குடுத்தோம், வாங்கிக்கிட்டான். ஆனா திரும்பி வரல. எங்க கடைசி ரெண்டு ஷோவும் டிரம்ஸ் இல்லாம கஹோன் வெச்சு ஓட்டினது.

பாவலர் குழுவை யோசிச்சா இதுதான் உறைக்குது. முன்னாடி நின்னு இழுத்த அண்ணன் பேர்லயே குழு இருந்தது. பின்னாடி அந்தக் குடும்பம் ஆரம்பிச்ச சினிமா கம்பெனிக்கும் 'பாவலர் கிரியேஷன்ஸ்'னுதான் பேர். எங்களோட கனமான பையைத் தூக்கினவன் பேர் கணக்கு நோட்டுலகூட இல்ல. எழுத வேண்டியவன் நான்.

ஆரம்பிக்கப் போறவங்களுக்கு

யார் என்ன தூக்குறாங்க, யார் பாக்கெட்டிலிருந்து என்ன போகுதுன்னு பிராக்டிஸ் நாள் உட்பட எழுதுங்க. டிரம்மர் ஆட்டோவைப் பொதுச் செலவுல வைங்க. கனமான பையை முறை வெச்சுத் தூக்குங்க. மேடை ஏறினதும் மல்டிமீட்டர், அதுக்கப்புறம்தான் ட்யூனர். சொந்தப் பாட்டை நல்லா எழுதுங்க, அதுக்கு நடுவுல தெரிஞ்ச மெட்டு ஒண்ணாவது வைங்க.

ஏப்ரலோட நாங்க கிளம்பறோம். டி.ஐ. பாக்ஸ் ஒண்ணு, மல்டிமீட்டர் ஒண்ணு, பாதி காலியா இருக்கிற கணக்கு நோட்டு ஒண்ணு, மூணையும் ஜூனியர்ஸுக்கு விட்டுட்டுப் போறோம். வேணும்னா ஹாஸ்டல்ல வந்து வாங்கிக்கங்க. நோட்டுல புதுப் பக்கத்தோட முதல் வரியை நானே எழுதி வெச்சிருக்கேன்: 'டிரம்மர் ஆட்டோ'. எவ்வளவுன்னு நீங்க போட்டுக்கங்க.