ஜன்னலை அடைக்குமுன் ஆர்.சி.யைப் பிரித்துப் பாருங்கள்

புதிதாக வரப்போகும் ஒரு வேனின் பக்க ஜன்னலை வாகன நிறுவனம் தன் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. வரைபடம், மாதிரி வண்டி, சோதனை, சான்றிதழ் என்று வரிசையாகத் தாண்டி வரவேண்டும். மத்திய மோட்டார் வாகன விதி 126 அப்படித்தான் சொல்கிறது. அந்தச் சோதனையைச் செய்யும் மையங்களில் ஒன்றான ஜி.ஏ.ஆர்.சி. ஒரகடத்திலேயே இருக்கிறது. அங்கிருந்து சிறிது தூரம் தள்ளி, மண்ணூர்ப் பக்கம் ஏதோ ஒரு தகரக் கொட்டகையில், மதியச் சாப்பாட்டுக்கும் மாலை டீக்கும் நடுவே பழைய வேன் ஒன்றின் நான்கு ஜன்னலுக்கும் தகடு ஏறிவிடும். வரைபடம் சாக்பீஸால் தரையில் போட்டதாக இருக்கும். சோதனை, டிங்கர் கையால் ஒரு தட்டு.

டிங்கரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. சரியாகக் கற்றவர் கையில் அது அருமையான வேலை. வண்டிக்காரர் அந்த வேலைக்கு முன்னால் செய்ய வேண்டிய ஒன்றைப் பின்னால் செய்கிறார், அல்லது செய்யாமலே விடுகிறார் என்பதுதான் இங்கே பேச்சு.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழில் வட்டாரத்தில் பழைய வேனுக்கு வேலை அதிகம். மாருதி ஆம்னி 1984-ல் வந்து 2019-ல் உற்பத்தி நின்றுபோனது. மெட்டடாரைப் பார்ப்பதே அரிது. டெம்போ டிராவலர் இன்னும் ஓடுகிறது. ஷிப்ட் முடிந்து வருபவர்களுக்கு இட்லி விற்க, கம்பெனிக்கு உதிரிபாகம் கொண்டுபோய்க் கொடுக்க, பந்தல் சாமான் ஏற்ற என்று குறைந்த விலைக்கு ஒன்றைப் பிடித்துப் புதுப்பிக்கிறார்கள். சாமான் வெளியே தெரியக்கூடாது, வெயில் அடிக்கக்கூடாது, உடைந்த கண்ணாடிக்கு மாற்றும் கிடைக்கவில்லை. அடைத்துவிடு என்கிறார்கள். உள்ளே கட்டில் போட்டு ஊர் சுற்றும் ஆசையில் அடைப்பவர்களும் இப்போது கூடியிருக்கிறார்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 இதற்கு நேராகப் பொருந்தும். தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களோடு பதிவுச் சான்றிதழ் (ஆர்.சி.) ஒத்துப்போகாதபடி உரிமையாளர் வண்டியை மாற்றக்கூடாது. எது மாற்றம் என்பதற்கும் அதே பிரிவில் விளக்கம் உண்டு: வண்டியின் அடிப்படை அம்சம் மாறும்படி அதன் கட்டமைப்பை மாற்றுவது. 2019 ஜனவரி 9-ம் தேதி, கேரள ஆர்.டி.ஓ. எதிர் கே. ஜெயச்சந்திரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இறுக்கிப் பிடித்தது. மாநில விதியைக் காட்டிக் கட்டமைப்பு மாற்றத்துக்கு வழிவிட்ட கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பு அதில் ரத்தானது. பெயிண்ட் நிறம், சின்னச் சின்னப் பொருத்தல்கள் போன்றவை இந்தத் தடைக்குள் வரவில்லை.

அப்படியானால் ஜன்னல் எந்தப் பக்கம்? கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அதே ரப்பர் பீடிங்குக்குள் ஒரு தகட்டைச் செருகுவது வேறு. ஜன்னல் ஓட்டையையே வெல்டு வைத்து மூடி, பட்டி போட்டுத் தேய்த்து, அங்கே ஜன்னல் இருந்த சுவடே தெரியாமல் பெயிண்ட் அடிப்பது வேறு. முதலாவது பழைய நிலைக்குத் திரும்பக்கூடியது. அடிப்படை அம்சம் மாறவில்லை என்று வாதிடவாவது இடம் உண்டு. இரண்டாவதோடு பின் சீட்டுகளையும் பிடுங்கிவிட்டால் அது பயணிகள் வண்டியே இல்லை. ஆர்.சி.யில் பாடி வகை, இருக்கை எண்ணிக்கை, வாகன வகுப்பு என்று மூன்று இடங்கள் இருக்கின்றன. மூன்றும் பொய்யாகிவிடும். பிரேக் இன்ஸ்பெக்டர் பார்ப்பது இந்த மூன்றையும்தான். எனவே ஆர்.சி.யின் நகலோடு ஸ்ரீபெரும்புதூர் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய், செய்யப்போவதை எழுதிக் கொடுத்து, அனுமதியை எழுத்தில் வாங்கிவிட்டுத்தான் தகட்டை வெட்டச் சொல்ல வேண்டும். கடன் பாக்கி இருந்தால் நிதி நிறுவனத்தின் எழுத்து ஒப்புதலும் சேர வேண்டும். ‘முதலில் முடித்துவிடுவோம், எஃப்.சி. வரும்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஒர்க்ஷாப்பில் சொல்வார்கள். அபராதம் அவர்கள் பெயரில் வராது.

சொந்த உபயோகத்துக்குப் பதிவான ஓன் போர்டு வேனில் வாடகைக்குச் சரக்கு ஏற்றுவது இன்னொரு குழி. மொத்த எடை 3,000 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கு பெர்மிட் வேண்டாம் என்பது உண்மை. அதை அரைகுறையாகக் கேட்டவர்கள் எதுவுமே வேண்டாம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். வண்டி சரக்கு வாகனமாகப் பதிவாகியிருக்க வேண்டும், எஃப்.சி. என்ற தகுதிச் சான்றும் இருக்க வேண்டும். அந்த எஃப்.சி.யை முதல் 8 ஆண்டுகளுக்கு 2 ஆண்டுக்கு ஒருமுறையும், பிறகு ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

2019 திருத்தத்தில் வந்த பிரிவு 182ஏ-யின்படி, அனுமதியில்லாத பொருத்தல் செய்த உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பணம் கட்டினால் தொல்லை விட்டது என்று நினைக்க வேண்டாம். 2021 ஆகஸ்டில் கண்ணூரில் ‘ஈ புல் ஜெட்’ யூடியூப் சேனல் நடத்திய சகோதரர்களின் வேனைக் கேரள மோட்டார் வாகனத் துறை பிடித்தது. டெம்போ டிராவலரைப் பயண வீடாக மாற்றி, லட்சக்கணக்கானவர்கள் பார்க்க ஊர் சுற்றிய வண்டி அது. வரியும் அபராதமுமாக 40,000 ரூபாய்க்கு மேல் கேட்டார்கள். பிறகு பதிவையே நிறுத்தி வைத்தார்கள். நாடே பார்த்துப் பாராட்டிய வேலைப்பாடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எடுபடவில்லை. பயண வேன்தான் வேண்டுமென்றால் மோட்டார் காரவன் என்று தனி வகையே இருக்கிறது, அதற்கென ஏ.ஐ.எஸ். 124 என்ற தரநிலையும் உண்டு. அங்கீகாரம் பெற்ற பாடி பில்டரிடம் போனால் செலவு கூடும், ஆனால் சான்றிதழ் கையில் இருக்கும்.

இனி தகட்டு வேலைக்கு வருவோம். ஜன்னலின் கீழ் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். பல வண்டிகளில் அங்கே ஒரு சின்னப் பள்ளமும், தண்ணீர் இறங்க ஒன்றிரண்டு துளைகளும் இருக்கும். தகடு வைப்பவர் முதலில் அடைப்பது அந்தத் துளையைத்தான். ஐப்பசி மழையில் இறங்கும் தண்ணீர் உள் தகட்டுக்கும் வெளித் தகட்டுக்கும் நடுவே தேங்கும். வெளியே பெயிண்ட் பளபளக்கும்போதே உள்ளே துரு வேலையைத் தொடங்கியிருக்கும். வெல்டு வைத்த சூட்டில் பின்பக்கத்துப் பிரைமர் எரிந்துபோயிருக்கும். அங்கே மறுபடி ரெட் ஆக்சைடு அடிக்க யாருடைய கையும் எட்டாது. தொடர்ந்து ஒரே கோடாக வெல்டு இழுத்தால் அகலமான தகடு அலை அலையாகச் சுருங்கும். அந்த அலையை மறைக்கப் பட்டியை அப்புவார்கள். இரண்டு மழைக்காலம் தாண்டினால் பட்டி தகட்டோடு சேர்ந்து பாளம் பாளமாக உரியும். விஷயம் தெரிந்தவர் புள்ளி புள்ளியாக, இடம் மாற்றி மாற்றி, சூடு ஆற விட்டு வைப்பார். பேட்டரி இணைப்பைக் கழற்றாமல் வெல்டிங் சுவிட்சைத் தொடமாட்டார். கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை இவைதான்.

ரிவிட் அடித்து ஏ.சி.பி. ஷீட் ஒட்டுவதும் இப்போது பழக்கமாகிவிட்டது. கடை முகப்புக்குப் போடும் அந்த ஷீட்டுகள் பலவற்றின் நடுவில் இருப்பது பாலிஎத்திலீன் பிளாஸ்டிக். தீப்பிடித்தால் உருகி எரியும். அடுப்பு வைத்த சாப்பாட்டு வேனுக்கு அது ஆகவே ஆகாது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும். ஜன்னல் இருந்தவரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் காற்று வந்து போனது. நான்கையும் மூடிவிட்டால் அடியிலும் மேலேயும் காற்று போக வழி வைத்தே தீர வேண்டும்.

உள்ளே படுத்துத் தூங்குகிறவர்கள் வடகரையை மறக்கக்கூடாது. 2024 டிசம்பரில் கோழிக்கோடு மாவட்டம் வடகரை அருகே சாலையோரம் நிறுத்தியிருந்த காரவனுக்குள் இரண்டு தொழிலாளர்கள் இறந்து கிடந்தார்கள். ஏ.சி.க்காக ஓடிய ஜெனரேட்டரின் புகை, வண்டித் தரையில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே ஏறியிருந்தது. கோழிக்கோடு என்.ஐ.டி. குழு அதே வண்டியில் சோதித்தபோது இரண்டு மணி நேரத்தில் கார்பன் மோனாக்சைடு 957 பி.பி.எம். அளவைத் தொட்டது. அந்த வாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை. தலைவலி என்று எழுந்திருப்பதற்குள் கால் ஓடாது. ஜன்னலை அடைப்பவர்கள் தரை ஓட்டையைப் பற்றி நினைப்பதே இல்லை. நம் பக்கத்திலேயே, 2012 ஜூலை 25 அன்று முடிச்சூர் அருகே பள்ளிப் பேருந்தின் தரை ஓட்டை வழியாக விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி இறந்தாள். பள்ளிப் பேருந்துகளுக்கான தமிழ்நாட்டுச் சிறப்பு விதிகள் அந்த ஆண்டுதான் வந்தன. பழைய வண்டியைப் புதுப்பிக்கும்போது பணம் முதலில் போகவேண்டியது தரைக்கு.

ஓட்டுநர் பார்வை என்று ஒன்றும் இருக்கிறது. ஒரகடம் சந்திப்பில் கண்டெய்னர் லாரியும் கம்பெனி பஸ்ஸும் நெருக்கும்போது, சாய்வாக இணையும் சாலையில் இடப்பக்கப் பின் ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்துப் பழகியவருக்கு, அடைத்த பிறகு அந்தப் பக்கம் இருட்டு. பெரிய வெளிக்கண்ணாடி இரண்டும், பின்பக்கக் கேமராவும் இல்லாமல் அந்த வேலையைத் தொடங்கக்கூடாது. தகடு வேண்டாம், கறுப்பு ஃபிலிம் ஒட்டிக்கொள்கிறேன் என்பவருக்கும் ஒரு கணக்கு: பக்கக் கண்ணாடி வழியாகக் குறைந்தது 50 சதவீத வெளிச்சம் உள்ளே வரவேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி 100.

விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் என்ன ஆகும்? அடிபட்ட மூன்றாம் நபருக்கான இழப்பீட்டில், கம்பெனி மறுப்பதற்குச் சட்டம் வைத்திருக்கும் காரணங்கள் சொற்பம். உங்கள் வண்டிச் சேதத்துக்கான க்ளைம் வேறு கதை. சொல்லாமல் செய்த மாற்றம் என்று அதை மடக்கலாம். மறுத்தார்கள் என்று உடனே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். சொந்த உபயோக வண்டியை வாடகைக்கு ஓட்டிய அமலேந்து சாஹூ வழக்கில், முழுவதும் மறுப்பது சரியல்ல, 75 சதவீதம் வரை கொடுக்கலாம் என்ற வழியை உச்ச நீதிமன்றம் 2010-ல் ஏற்றது. மறுப்புக் கடிதத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதிலிருந்து ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரை தீர்வு சொல்ல அவருக்கு அதிகாரம் உண்டு. இதற்கெல்லாம் இடம் வைக்காத வழி, மாற்றத்துக்கு ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கிய கையோடு பாலிசியிலும் எண்டார்ஸ்மென்ட் போட்டுக்கொள்வது.

ஒர்க்ஷாப்போடு சண்டை வந்தால் ஒரு விஷயம் பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். கூலி தராவிட்டால் வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்ள மெக்கானிக்குக்கு உரிமை உண்டு. இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 170 அதைத் தருகிறது. ஆனால் பேசிய கூலிக்குத்தான். வாய்ப்பேச்சில் விட்டால் பேசியது எவ்வளவு என்று யார் சொல்வது? எந்தக் கேஜ் தகடு, வெல்டா பீடிங்கா, உள்பக்கப் பிரைமர் சேர்த்தா, எத்தனை நாள் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். தகடு ஏறும் முன்னும், பட்டி போடும் முன்னும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பட்டி போட்டுவிட்டால் எந்த நிபுணராலும் கீழே இருப்பதைப் பார்க்க முடியாது. வேலை மோசமென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் முதல் படி. மசியாவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்கு உட்பட்டதென்றால் கட்டணமே கிடையாது. முழுக்க வணிகத்துக்கான வண்டி என்றால் நீங்கள் நுகர்வோரே இல்லை என்று எதிர்த்தரப்பு வாதிடும். சுயதொழில் செய்து பிழைக்க ஓட்டும் வண்டிக்குச் சட்டம் விலக்குத் தந்திருக்கிறது. அதைப் புகாரிலேயே எழுதிவிடுங்கள்.

ஆர்.டி.ஓ. பதிவை நிறுத்தி வைத்தாலும் அதுவே முடிவல்ல. நிறுத்துவதற்கு முன் உங்கள் பக்கத்தைக் கேட்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 53. உத்தரவு கைக்கு வந்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்பது பிரிவு 57. அனுமதியை மறுக்கும் உத்தரவுக்கும் அதே மேல்முறையீடு பொருந்தும். பழைய நிலைக்கு மாற்றிக் காட்டு என்று சொன்னால் கழற்றிய கண்ணாடி வேண்டும். ஆகவே கண்ணாடியையும் பீடிங்கையும் ஒர்க்ஷாப்பில் விட்டுவராமல் கோணியில் சுற்றி வீட்டுப் பரணில் போடுங்கள்.

யாரோ அடைத்த வேனை செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர், ஆர்.சி.யைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வரவேண்டும். படிவம் 29, 30 போட்டுப் பெயர் மாற்றும்போது மாட்டிக்கொள்வது வாங்குகிறவர்தான். விற்றவரும் பெயர் மாற்றாமல் விடக்கூடாது, ஆர்.சி.யில் யார் பெயரோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

உண்மையான பழம்பெரும் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. பெருங்களத்தூர் ஆலையில் செய்த ஸ்டாண்டர்ட் 20 வேன் எங்காவது கொட்டகையில் தூங்கிக்கொண்டிருந்தால் அதன் ஜன்னலில் கை வைக்காதீர்கள். 50 ஆண்டு கடந்த, வணிகத்துக்கு ஓடாத வண்டிகளை விண்டேஜ் என்று பதிவு செய்ய 2021 ஜூலையில் விதி வந்திருக்கிறது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும், எண்ணில் வி.ஏ. என்ற எழுத்து இருக்கும். அதற்கான நிபந்தனை, சேஸிஸ், பாடி, இன்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றமில்லாமல் வண்டி பழைய வடிவத்திலேயே இருக்க வேண்டும் என்பது. ஜன்னலை வெல்டு வைத்து மூடியவர் அந்த மனுவை எடுத்துக்கொண்டு போவதற்கு முன், மூடிய தகட்டை வெட்டி எடுக்கும் கூலியையும் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கும்.