ரசிகர்கள் பாடிய பாட்டு

மேடையில் பாடகர் நிற்க, கீழே இருக்கும் ரசிகர்களே பாட்டைப் பாடிக் கேட்டிருக்கிறீர்களா நேயர்களே?

ஜெர்மனியின் கிரேஃபெல்ட் நகரில் பிறந்த மெட்டல் இசைக்குழு, பிளைண்ட் கார்டியன். டிரம்ஸும் எலெக்ட்ரிக் கிட்டாரும் அதிரும் அவர்களுடைய கச்சேரியில், ‘தி பார்ட்ஸ் சாங்’ வந்தால் மட்டும் எல்லாம் அடங்கிவிடும். அக்கூஸ்டிக் கிட்டார் மெல்ல ஒலிக்கும். பாடகர் ஹான்ஸி குர்ஷ், பாட்டை ரசிகர்களிடமே விட்டுவிடுவார். அவ்வளவுதான், அரங்கமே சேர்ந்து பாடும்!

2003-இல் வந்த அவர்களின் ‘லைவ்’ ஆல்பத்தில் இதை நீங்களும் கேட்கலாம். எந்த ஸ்டுடியோவிலும் உருவாக்க முடியாத நெகிழ்ச்சி அது. எத்தனை முறை கேட்டாலும் எனக்குச் சிலிர்க்கிறது. மெட்டல் என்றால் வெறும் சத்தம்தான் என்று நினைப்பவர்கள், இந்த ஒரு பாட்டை அவசியம் கேளுங்கள்!