கிணறும் காலக்கருவியும்

கொங்கு நாட்டுக் கிணற்று மேடுகளில் முற்காலத்தில் கவலை ஓடிற்று. பிற பகுதியினர் இதனைக் கமலை என்பர். எருதுகள் சரிவில் இறங்கும்போது சால் நீரை முகந்துகொண்டு மேலே வரும். அவை பின்னோக்கி ஏறும்போது சால் மீண்டும் கிணற்றினுள் இறங்கும். சிறுவனாக இருந்தபோது எங்கள் கிணற்றிலும் இக்காட்சியை நான் கண்டதுண்டு. வெயில் ஏறியதும் எருதுகளை அவிழ்த்துவிடுவர். அவை ஓய்வு கொள்ளும் பொழுதில் கிணற்றில் ஊற்றுநீர் சுரக்கும். நீர் அடிமட்டத்திற்குச் சென்றுவிட்டால் சால் பாதியளவே நிறைந்து வரும்; ஓட்டுபவர் அப்பொழுதே அதனை அறிந்து நிறுத்திவிடுவார். எருதின் ஓய்வே கிணற்றின் ஓய்வாகவும் இருந்தது.

1932 இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அதன்பின் கோவை வட்டாரத்தில் மின்சாரம் பரவிற்று. நாளடைவில் எருதுகளின் இடத்தை மின்மோட்டார் பெற்றது. மோட்டாருக்குக் களைப்பு என்பது இல்லை. கிணற்றில் நீர் உண்டா, இல்லையா என்பதையும் அது அறியாது. ஆனால், நீருள் மூழ்கி இயங்கும் மோட்டாருக்குக் குளிர்ச்சி தருவது அதனைச் சூழ்ந்த நீரே ஆகும். நீர் வற்றியபின்னும் அது சுழன்றுகொண்டே இருந்தால், சூடேறி உள்ளிருக்கும் கம்பிச்சுருள் கருகிவிடும்.

என் உறவினர் ஒருவர், நள்ளிரவில் மின்சாரம் வரும்போது தோட்டத்திற்கு நடக்க இயலாமல், மோட்டார் தானே ஓடத் தொடங்குமாறு ஒரு கருவியைப் பொருத்தினார். இருளில் வரப்பின்மீது பாம்புக்கு அஞ்சி நடப்பவர்க்கு இது பெரிய உதவியன்றோ? ஆனால், தொடங்கத் தெரிந்த அக்கருவிக்கு நிறுத்தத் தெரியவில்லை. விடியலில் சென்று பார்த்தபோது கிணறு வற்றியிருந்தது. மோட்டாரில் காயில் எரிந்திருந்தது. அதனை வெளியே எடுத்துப் புதிய கம்பி சுற்றி மீண்டும் இறக்கும் வரையில் மஞ்சட்பயிர் வாடி நின்றது. அக்கருவியோடு ரிலேயும் டைமரும் சேர்ந்திருந்தால் இந்த இழப்பு நேர்ந்திராது.

ரிலே என்பது யாது? இரும்புத் துண்டின்மீது சுற்றிய கம்பியில் மின்சாரம் பாய்ந்தால் அவ்விரும்பு காந்தமாகும். மின்சாரம் நின்றால் காந்தத் தன்மையும் நீங்கும். அக்காந்தம் ஒரு சிறு தகட்டை இழுக்கும்போது, அதனுடன் இணைந்த வேறொரு மின்வழி மூடும் அல்லது திறக்கும். இவ்வாறு சிறிய மின்னோட்டம் பெரிய மின்னோட்டத்தை ஆள்கிறது. 1835 ஆம் ஆண்டளவில் அமெரிக்க அறிஞர் ஜோசப் ஹென்றி இதனைச் செய்து காட்டினார். தந்திக் கம்பியில் நெடுந்தொலைவு சென்று மெலிந்த மின்குறிப்புக்கு வேறு மின்கலத்தால் புதுவலிமை ஊட்ட இது பயன்பட்டது. களைத்த குதிரையை மாற்றிப் புதுக்குதிரை பூட்டும் செயலுக்கு வழங்கிய ரிலே என்னும் சொல்லே இக்கருவிக்கும் பெயராயிற்று. இலங்கைத் தமிழர் ரிலே பந்தயத்தை அஞ்சலோட்டம் என்பர். அச்சொல்லின் அழகை எண்ணி நான் பலமுறை மகிழ்ந்ததுண்டு.

ஐந்து குதிரைத்திறன் உள்ள மும்முனை மோட்டார் ஓடும்போது ஏறத்தாழ 7.5 ஆம்பியர் மின்னோட்டத்தைக் கொள்ளும். தொடங்கும் கணத்திலோ அதைப்போல் ஆறு மடங்கு வேண்டும். அதனைச் சிறிய ரிலே நேரே தாங்காது. ஆகவே, டைமர் சிறிய ரிலேயை இயக்கும். அந்த ரிலே ஸ்டார்ட்டர் பெட்டியிலுள்ள காண்டாக்டரின் சுருளுக்கு மின்சாரம் தரும். காண்டாக்டரே மோட்டாருக்குரிய மின்வழியை மூடும். குறித்த நேரம் முடிந்ததும் டைமர் ரிலேயை விடுவிக்கும். உடனே காண்டாக்டரும் விலகி மோட்டார் நிற்கும். மின்சாரம் வந்த சில நிமிடங்கள் கழித்தே மோட்டார் தொடங்குமாறும் டைமரை அமைக்கலாம். ஊரிலுள்ள மோட்டார்கள் அனைத்தும் ஒரே நொடியில் தொடங்கினால் மின்னழுத்தம் தாழ்ந்துவிடும் அல்லவா?

மாணவர்களே, எத்தனை மணி நேரம் ஓட்டுவது என்பதை டைமர் கூறாது. நாம்தான் கிணற்றை அளந்து கூறவேண்டும். ஒரு கணக்கைப் பாருங்கள். ஆறு மீட்டர் விட்டமுள்ள வட்டக் கிணற்றில் ஒரு சென்டிமீட்டர் உயர நீர் ஏறக்குறைய 283 லிட்டர் ஆகும். பம்பு மணிக்கு 18,000 லிட்டர் இறைக்கிறது. ஊற்று மணிக்கு 20 சென்டிமீட்டர், அதாவது 5,660 லிட்டர் தருகிறது என்று கொள்வோம். அவ்வாறாயின் கிணற்றிலிருந்து மணிக்கு 12,340 லிட்டர் குறையும்; நீர்மட்டம் ஏறத்தாழ 44 சென்டிமீட்டர் தாழும். பம்பின் வாய்க்குமேல் காப்பாக நிற்கவேண்டிய நீர் போக 88 சென்டிமீட்டர் இருப்பின், இரண்டு மணி நேரமே ஓட்டலாம். இழந்த 88 சென்டிமீட்டரும் திரும்ப ஊற நான்கரை மணி நேரம் செல்லும். மட்டம் உயர உயர ஊற்றின் வேகம் தணியுமாதலால் ஐந்து மணி நேரம் விடுவதே நன்று.

கிணற்று மேட்டில் அமைத்த பம்பாயின் வேறொன்றையும் நோக்கவேண்டும். அடியிலுள்ள ஃபுட்வால்வு ஒழுகினால், ஓய்வு நேரத்தில் குழாய் நீர் முழுதும் கீழே இறங்கிவிடும். டைமர் மறுமுறை மோட்டாரைத் தொடங்கும்போது பம்பு காற்றையே சுழற்றும். இத்தகைய தீங்குக்கு மற்றொரு வகை ரிலே காவலாகும். பம்பில் நீர் இல்லையெனில் சுமை குறைந்து, மோட்டார் கொள்ளும் மின்னோட்டமும் குறையும். அக்குறைவை உணர்ந்து இந்த ரிலே மோட்டாரை நிறுத்திவிடும். சால் பாதி நிறைந்து வருவதைக் கண்டு கவலை ஓட்டியவர் செய்த வேலையை இது செய்கிறது. ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து இவற்றைப் பொருத்துவது பயிற்சி பெற்ற மின்வினைஞரின் பணி. மாணவர் அதனைத் தொடுதல் ஆகாது.

என் உறவினர் இப்பொழுது இரண்டையும் பொருத்தியிருக்கிறார். சித்திரையில் ஒன்றரை மணி நேரம் என்று வைத்த டைமரை, ஐப்பசி மழைக்குப்பின் கயிறு கட்டிக் கிணற்றை அளந்து பார்த்து, மூன்று மணி நேரமாக மாற்றி வைக்கிறார்.