துருவும் லாரியின் அடிப்புறமும்

சாலையில் செல்லும் லாரியின் முகப்பிலே தீட்டிய வண்ணங்களும் எழுதிய பெயர்களும் நம் கண்ணைக் கவர்கின்றன. ஆனால், அவ்வண்டியையும் அதன் பாரத்தையும் தாங்கி நிற்பது எவர் கண்ணிலும் எளிதிற் படாத அடிப்புறமேயாகும். சேசிஸ் எனப்படும் எஃகு அடிச்சட்டம், கமான் பட்டைகள், அச்சுக்கள், பிரேக்குக் குழாய்கள் யாவும் அங்கேயே உள்ளன. இவற்றின் பெரும்பகை துரு. பகையின் இயல்பை அறிந்தாலன்றி அதனை வெல்லல் இயலாது.

துரு எவ்வாறு உண்டாகிறது? இதனை நீங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே கண்டறியலாம். மூன்று சோதனைக் குழாய்களில் புதிய இரும்பாணிகளை இடுங்கள். முதலாவதில் ஆணி பாதி மூழ்குமாறு சாதாரண நீரை ஊற்றுங்கள். இரண்டாவதில், நன்கு கொதிக்கவைத்துக் காற்றைப் போக்கிய நீரை நிரப்பி, மேலே சிறிது எண்ணெய் விடுங்கள். மூன்றாவதில், ஈரத்தை உறிஞ்சும் கால்சியம் குளோரைடை இட்டு, வாயை இறுக மூடுங்கள். சில நாட்களில் முதற்குழாயின் ஆணி மட்டுமே துருப்பிடிக்கும். நீரும், காற்றிலுள்ள பிராணவாயுவும் ஒருங்கே கூடினாலன்றித் துரு தோன்றாது என்பது இதனால் விளங்கும். நான்காவது குழாயில் உப்புநீரை ஊற்றிப் பாருங்கள். துரு மேலும் விரைந்து படரும்.

ஈரம் படிந்த இரும்பு ஒரு சிறு மின்கலத்தைப் போன்றது. ஓரிடத்தில் இரும்பணுக்கள் எலெக்ட்ரான்களை இழந்து கரைகின்றன. மற்றோரிடத்தில் பிராணவாயுவும் நீரும் அவற்றைப் பெற்றுக்கொள்கின்றன. உப்புக் கலந்த நீர் மின்சாரத்தை எளிதிற் கடத்துமாதலால் இவ்வினை விரைவு பெறுகிறது. ஆகவேதான், தூத்துக்குடி உப்பளங்களிலிருந்து பாரம் ஏற்றிவரும் லாரியும், பனிக்கட்டியை உருக்க உப்புத் தூவப்பெறும் கனடா நாட்டுச் சாலைகளில் ஓடும் லாரியும் ஒரே நோய்க்கு ஆளாகின்றன.

அலுமினியத்தின் மேல் உண்டாகும் ஆக்சைடு மெல்லிய கவசமாக இறுகப் பற்றி அதனைக் காக்கிறது. இரும்பின் துருவோ பொருபொருவென்று உதிர்ந்து, உள்ளே ஈரம் புக இடந்தருகிறது. மேலும், அது தான் பிறந்த இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைப்பது. இணைத்து ரிவெட்டு அடித்த இரு தகடுகளின் இடையே துரு வளருமாயின், அது தகடுகளை நெம்பி, ரிவெட்டையே அறுக்கவும் கூடும். பிரேக்குக் குழாயை அது அரித்துவிட்டாலோ, மலைச்சரிவில் இறங்கும் வண்டியும் அதிலுள்ளோர் உயிரும் என்னாவது?

தடுக்கும் வழிகள் எளியவை. உப்பேற்றிய பின்னரும், கடலோரச் சாலையில் சென்று திரும்பிய பின்னரும் நல்ல நீரால் அடிப்புறத்தைக் கழுவுதல் வேண்டும். மூலைகளில் ஒட்டிய சேறு பல நாள் ஈரத்தைத் தேக்கி வைக்கும். அதனைச் சுரண்டி எடுக்கவேண்டும். சட்டங்களில் நீர் வடிவதற்கென அமைந்த துளைகள் அடைபடலாகாது. காற்றுப் பிரேக்கின் கலத்தில் சேரும் நீரை நாள்தோறும் வடித்துவிடல் நன்று. பழைய எஞ்சின் எண்ணெயை அடியிற் பூசும் வழக்கம் தீது. அது ரப்பர் உறுப்புக்களைக் கெடுத்து, நிலத்தையும் நீரையும் மாசுபடுத்தும்.

துத்தநாகம் சிறந்த காவலாளி. 1824ஆம் ஆண்டில் ஹம்ப்ரி டேவி என்னும் ஆங்கில அறிஞர், கப்பலின் செப்புத் தகட்டோடு துத்தநாகத்தையோ இரும்பையோ இணைத்தால், அவை தாம் அழிந்து செம்பைக் காப்பதைக் காட்டினார். துத்தநாகம் பூசிய இரும்பிற் கீறல் விழுந்தாலும் அவ்வாறே துத்தநாகம் முதலில் கரைந்து இரும்பைக் காக்கிறது.

துருப் பிடித்துவிட்டால் செய்வதென்ன? துருவின்மேல் வண்ணம் பூசுவது, புண்ணைக் கழுவாமற் கட்டுக் கட்டுவதை ஒக்கும். முதலில் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வண்டியை உறுதியான தாங்கிகளின்மேல் நிறுத்துக. ஜாக்கியை மட்டும் நம்பி அடியிற் புகலாகாது. கண்ணாடி அணிந்து, கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து, எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, உலர்ந்தவுடன் துத்தநாகம் கலந்த முதற்பூச்சும், அதன்மேல் வண்ணமும் தருதல் வேண்டும். தூரிகை எட்டாத குழிகளுக்கு டானிக் அமிலம் சேர்ந்த மருந்து உண்டு. அது துருவை நிலையான கரும்பொருளாக மாற்றும். நம் முன்னோர் கடுக்காயும் அன்னபேதியும் கூட்டி மை செய்தபோது நிகழ்ந்த வினையும் இதுவே.

இறுதியாக, சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்க்கவேண்டும். நல்ல எஃகு கணீரென ஒலிக்கும். அரிக்கப்பட்டது மந்தமாக ஒலித்துச் செதில் உதிர்க்கும். அத்தகைய சட்டத்தைத் தேர்ந்த பட்டறையிற் காட்டுதல் வேண்டும். அரிப்புண்ட பிரேக்குக் குழாயை ஒட்டுப்போடாது மாற்றிவிடல் வேண்டும். வண்ணப்பூச்சு துருவை மறைக்கலாமேயன்றி, இழந்த வலிமையை மீட்டுத் தருவதில்லை.