பத்து சதவீதத்தில் கேட்க வேண்டிய கேள்வி

கடும் தொற்றோடு ஐ.சி.யூ.வுக்கு வரும் குழந்தைக்கு முதலில் ஏற்றுவது டிரிப்ஸ்தான். ரத்தக் குழாய்கள் கசிந்து அழுத்தம் விழும்போது அதுதான் உயிரைப் பிடித்து வைக்கிறது. அதே நீர் அடுத்த சில நாட்களில் நுரையீரலின் காற்றறைகளில் தேங்கத் தொடங்கும். சிறுநீரகமும் ஓய்ந்துவிட்டால் அது வெளியேற வழியில்லை. வென்டிலேட்டரில் ஆக்சிஜனையும் அழுத்தத்தையும் கூட்டிக்கொண்டே போவார்கள்.

முன்பெல்லாம் சிறுநீரகத்துக்கு ஒரு கணக்கு, நுரையீரலுக்கு வேறொரு கணக்கு. யூரியா, கிரியேட்டினின், பொட்டாசியம் எல்லை தாண்டினால்தான் டயாலிசிஸ் பேச்சே எழும். தொடங்குவதும் லேசான காரியமில்லை. 3 கிலோ சிசுவின் உடலில் மொத்த ரத்தமே கால் லிட்டர் அளவுதான். பெரியவர்களுக்கான குழாயும் வடிகட்டியும் அதில் பெரும்பங்கை வெளியே இழுத்துவிடும். அதனால் கைகொடுத்தது வயிற்றுவழி டயாலிசிஸ். எளிமையானது, இன்றும் நம் ஊரில் பல குழந்தைகளைக் காப்பது. ஆனால் வயிற்றில் நிரப்பும் திரவம் உதரவிதானத்தை மேலே தள்ளும். ஏற்கெனவே திணறும் நுரையீரலுக்கு அது கூடுதல் சுமை.

1977இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் பீட்டர் கிராமர், நோயாளியின் ரத்த அழுத்தத்தையே விசையாக்கி, நீரை இடைவிடாமல் மெல்ல வடிக்கும் முறையைக் கொண்டுவந்தார். 1984இல் இத்தாலியின் விசென்சாவில் கிளாடியோ ரோன்கோ அதைச் சின்னஞ்சிறு வடிகட்டியோடு பச்சிளங்குழந்தைக்குப் பயன்படுத்தினார். இன்று சி.ஆர்.ஆர்.டி. என்று ஐ.சி.யூ.க்களில் சொல்லும் சிகிச்சை அந்த வழியில் வந்ததே.

கருவிகள் வளர்ந்ததைவிடப் பெரிய மாற்றம் ஒரு சிறு கணக்கில் நிகழ்ந்தது என்பேன். உள்ளே போன நீரில் வெளியேறியதைக் கழித்து, சேர்க்கையின்போதிருந்த எடையோடு ஒப்பிட்டுச் சதவீதமாக்குவது. 10 கிலோ குழந்தையின் உடலில் 2 லிட்டர் தேங்கினால் 20 சதவீதம். 2001இல் ஹூஸ்டனில் ஸ்டூவர்ட் கோல்ட்ஸ்டீன் குழுவினர், சி.ஆர்.ஆர்.டி. சிகிச்சை பெற்ற 21 குழந்தைகளின் கணக்கை வெளியிட்டார்கள். தொடங்கும்போது, பிழைத்தவர்களுக்குச் சராசரியாக 16 சதவீதம் தேங்கியிருந்தது, இறந்தவர்களுக்கு 34. 2010இல் 13 அமெரிக்க மையங்களின் 297 குழந்தைகளைப் பார்த்தபோதும் இதே போக்கு: 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தவர்களில் 100க்கு 29 பேர் இறந்தார்கள், 20ஐத் தொட்டவர்களிலும் தாண்டியவர்களிலும் 66 பேர்.

நோய் முற்றிய குழந்தைக்குத்தான் நீரும் அதிகம் ஏறும். ஆகவே நீர் ஒன்றையே குற்றவாளியாக்க இந்த எண்கள் போதாது. ஆனாலும் வென்டிலேட்டரில் இருந்த குழந்தைகளிடம் தேக்கம் கூடக்கூட ஆக்சிஜன் ஏற்பு கெட்டதை 2012இல் வந்த ஹூஸ்டன் ஆய்வும் காட்டியது. அதற்கு முன்பே, 2003இல், ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் புற்றுநோய் சிகிச்சைக்கோ எலும்பு மஜ்ஜை மாற்றத்துக்கோ பின் நுரையீரல் பழுதான 10 குழந்தைகளுக்கு இந்த வடிகட்டலைச் சீக்கிரமே தொடங்கியதை எழுதினார்கள். 8 பேர் பிழைத்தார்கள். சின்ன எண்ணிக்கைதான், ஆனால் அன்று அப்படிப்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோர் பிழைப்பதில்லை.

இன்று விசென்சாவிலேயே உருவான கார்ப்பேடியம் என்ற கருவியின் மிகச்சிறிய சுற்றில் 27 மில்லிலிட்டர் ரத்தமே வெளியே நிற்கும். 2013இல் 3 கிலோவுக்கும் குறைவான சிசு ஒன்று அதன் முதல் பயனாளி. எந்தக் கருவியிலும் அவசரம் கூடாது. நீரை வேகமாக இழுத்தால் அழுத்தம் சரியும். மணிக்கு எத்தனை மில்லி என்று நர்ஸ் கண் இமைக்காமல் பார்க்க வேண்டும்.

இந்தக் கருவிகள் நம் மாவட்ட மருத்துவமனைகளை எட்டுவது எளிதல்ல. ஆனால் எடை இயந்திரமும் மணிக்கணக்கு நீர்ப்பதிவேடும் அங்கே இருக்கின்றன. டெங்குவில் கசிந்த நீர் ரத்தக் குழாய்க்குத் திரும்பும் கட்டத்தில் டிரிப்ஸைக் குறைக்கத் தவறினால் நுரையீரலில் நீர் கோக்கும் என்பது நம் குழந்தை மருத்துவர்களுக்குத் தெரியாததல்ல. காலை ரவுண்ட்ஸில் காய்ச்சலோடு சேர்த்து நீர்ச் சதவீதத்தையும் சொல்லச் செய்தால், பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முடிவை 20இல் அல்ல, 10இலேயே எடுக்கலாம்.