உங்களுக்குத் தெரியுமா? – ரோல் பிளேயிங் கேம்கள் (ஆர்.பி.ஜி.)

கேரக்டருக்கு லெவல் ஏற்றுவதும் அனுபவப் புள்ளி சேர்ப்பதும் கம்ப்யூட்டரில் பிறந்த வழக்கங்கள் அல்ல. 1974-ல் அமெரிக்காவில் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ தந்தவை அவை. நண்பர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, காகிதமும் பகடையுமாக ஆடும் ஆட்டம் அது.

1980-ல் வந்த ‘ரோக்’ கேமில் படமே கிடையாது. மின்னஞ்சல் முகவரியில் வருமே ‘அட்’ குறி, அதுதான் கதாநாயகன். ஆங்கில ‘டி’ எதிரே வந்தால் டிராகன்! செத்தால் மறுபடி முதலிலிருந்துதான். சுரங்கப் பாதைகளும் மாறியிருக்கும். இந்தப் பாணிக்கே ‘ரோக்லைக்’ என்று பெயர் நிலைத்துவிட்டது.

ஜப்பானியப் பாணிக்குப் பாதை போட்டது, யூஜி ஹோரி உருவாக்கிய ‘டிராகன் குவெஸ்ட்’ (1986). அதன் மூன்றாம் பாகம் 1988 பிப்ரவரியில், ஒரு புதன்கிழமை வெளியானது. பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டுக் கடை வாசலில் நின்ற பிள்ளைகளை போலீஸ் பிடித்தது. ‘வார நாளில் வெளியிடக் கூடாது’ என்று அதனால் சட்டமே வந்ததாகச் சொல்வது கட்டுக்கதை.

ஆயிரக்கணக்கானோர் ஒரே உலகில் ஆன்லைனில் ஆடுவது இன்னொரு பாணி. அதில் புகழ்பெற்ற ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’டில் 2005 செப்டம்பரில் கொள்ளைநோயே பரவியது. ஹக்கார் என்ற அசுரன் ஏவும் ரத்தச் சாபம், அவன் கோட்டைக்குள்ளேயே முடிந்துவிட வேண்டியது. ஆட்டக்காரர்களின் வளர்ப்பு மிருகங்கள் அதை நகரங்களுக்குச் சுமந்து வந்துவிட்டன. லெவல் குறைந்தவர்கள் நொடிகளில் செத்தார்கள்; தெருவெல்லாம் எலும்புக்கூடு. சிலர் ஓடி ஓடி வைத்தியம் பார்த்தார்கள், சிலர் வேண்டுமென்றே பரப்பினார்கள். நிஜத் தொற்றில் மனிதர்கள் எப்படி நடப்பார்கள் என்பதை அறிய இது உதவும் என்று 2007-ல் ‘லான்செட்’ குழும மருத்துவ இதழிலேயே கட்டுரை வந்தது. விளையாட்டுதானே என்று ஒதுக்குபவர்கள் அவசியம் அறிய வேண்டிய செய்தி இது.

சண்டைக்கென்று தனி முறையே இல்லாத ஆர்.பி.ஜி.யும் உண்டு: எஸ்தோனியர்கள் படைத்த ‘டிஸ்கோ எலிசியம்’ (2019). உடல்வலு குறைந்த கேரக்டராக இருந்தால், மின்விசிறியில் தொங்கும் டையை எடுக்கப் போய் மாரடைப்பில் செத்துவிடலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது, டோபி ஃபாக்ஸின் ‘அண்டர்டேல்’ (2015). ஒருவரையும் கொல்லாமல் முழுக் கதையையும் முடிக்கலாம். உங்களைத் தாய்போல் பார்த்துக்கொண்ட டோரியலைக் கொன்றுவிட்டு, மனசு கேட்காமல் முன்பு சேவ் செய்த இடத்துக்குத் திரும்பி அவளைப் பிழைக்க வைத்தாலும் தப்பிக்க முடியாது. நீங்கள் செய்ததை ஞாபகம் வைத்து ஒரு பூ முகத்துக்கு நேரே கேட்கும். ஆர்.பி.ஜி. பழக நினைப்பவர்கள் இதிலிருந்தே தொடங்குங்கள். பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும்.