ஓட்டை இல்லை, ஆனாலும் உள்ளே வரும்!

சைக்கிளை ஓட்டாமல் ஒரு மாதம் நிறுத்தி வைத்தால் டயர் தளர்ந்து விடுகிறது. பஞ்சர் கடைக்காரர் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பார்க்கிறார். குமிழி வரவில்லை. வால்வும் சரியாக இருக்கிறது.

பிறகு காற்று எங்கே போயிற்று?

ரப்பருக்குள்ளேயே புகுந்து மறுபக்கம் வெளியேறி விட்டது!

விஞ்ஞானத்தில் இதற்கு 'ஊடுருவல்' என்று பெயர். ஆங்கிலத்தில் 'பெர்மியேஷன்' என்பார்கள். பத்திரிகைகளில் 'எல்லையில் ஊடுருவல்' என்று வரும் அதே சொல்தான். ஆனால் எல்லையில் ஊடுருவுகிறவன் வேலியில் சந்து தேடுவான். ரசாயனத்துக்குச் சந்து வேண்டாம். கிழிசல், தையல் வழியாகக் கசிவதை விஞ்ஞானிகள் இதில் சேர்ப்பதில்லை, அது வேறு. ஓட்டையே இல்லாத பொருளில், மூலக்கூறு மூலக்கூறாகப் புகுந்து போவதுதான் ஊடுருவல்.

சொல்லில் என்ன இருக்கிறது என்று நினைக்கலாம். இந்த வித்தியாசம் ஓர் உயிரைக் கொண்டு போயிருக்கிறது.

பேராசிரியைக்கு நேர்ந்தது

கரேன் வெட்டர்ஹான் அமெரிக்காவில் டார்ட்மவுத் கல்லூரியின் ரசாயனப் பேராசிரியை. விஷ உலோகங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர். எச்சரிக்கை தெரியாதவர் அல்ல. 1996 ஆகஸ்டு 14-ந்தேதி, 'டைமீதைல் மெர்குரி' என்ற பாதரசக் கூட்டுப்பொருளை எடுத்தபோது, சில துளிகள் அவர் கையில் சிந்தின. கையில் லேடெக்ஸ் ரப்பர் உறை இருந்தது. அது கிழியவில்லை.

சில மாதங்கள் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. 1997 ஜனவரியில் நடை தள்ளாடியது, பேச்சு குழறியது. ரத்தத்தைச் சோதித்தார்கள். ஒரு லிட்டரில் 4,000 மைக்ரோகிராம் பாதரசம்! 200 இருந்தாலே விஷம் என்பது கணக்கு. சில வாரங்களில் நினைவு தப்பியது. 1997 ஜூன் 8-ந்தேதி இறந்தார். வயது 48.

பின்னர் அந்த வகை உறையைச் சோதித்தார்கள். பதினைந்தே விநாடிக்குள் மருந்து மறுபக்கம் வந்து விட்டது.

எப்படி நுழைகிறது?

முதலில் ரசாயனம் உறையின் மேற்பரப்பில் கரைகிறது. சர்க்கரை தண்ணீரில் கரைவது போலத்தான். அடுத்து, செறிவு அதிகமான பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு மெல்ல நகர்கிறது. இந்த நகர்வுக்கு 'விரவல்' என்று பெயர். ஊதுபத்தி வாசனை அறை முழுவதும் பரவுவதும் இதே வகை. இதன் கணக்கை 1855-ல் வகுத்துச் சொன்னவர் ஜெர்மானியரான அடால்ப் பிக். கடைசியாக உட்புறம் பிரிந்து தோலைத் தொடுகிறது. வெளியே பார்த்தால் ஒரு அடையாளமும் இருக்காது.

பிக் வகுத்த கணக்கில் ஒரு நன்மை உண்டு. உறையின் கனம் இரண்டு மடங்கானால், ரசாயனம் கடந்து வரும் நேரம் நான்கு மடங்காகும்.

ஆனால் கனத்தைவிட முக்கியம், எந்தப் பொருளில் எது கரையும் என்பது. சாதாரண ரப்பர் உறை நீர்த்த அமிலத்துக்குத் தாங்கும். பெட்ரோலிலும் தின்னரிலும் ஊறி உப்பி விடும். கனமான நைட்ரைல் உறை பெட்ரோலுக்கும் எண்ணெய்க்கும் நல்லது; அசிட்டோனில் கோட்டை விட்டு விடும். அசிட்டோனுக்கு பியூட்டைல் ரப்பர் வேண்டும். (காற்றையும் அது லேசில் விடாது. லாரி டியூபை அதில் செய்வது இதனால்தான்.) டொலுவினைத் தடுக்கும் பி.வி.ஏ. உறையோ தண்ணீர் பட்டாலே கரையும்! 'கையுறை போட்டுக்கொள்' என்று மட்டும் சொல்லும் மேஸ்திரி பாதிதான் சொல்கிறார்.

இரவிலும் நகரும்

கையுறையைக் கழுவித் துடைத்து ஆணியில் மாட்டி விட்டு, மறுநாளும் அதையே போட்டுக்கொள்வது பல பட்டறைகளில் வழக்கம். கழுவினால் போவது மேலே ஒட்டியிருப்பது மட்டுமே. ரப்பருக்குள் புகுந்துவிட்ட ரசாயனம் இரவெல்லாம் நகர்ந்துகொண்டே இருக்கும். காலையில் கையை நுழைக்கும்போது அது உட்புறம் வந்து சேர்ந்திருக்கலாம்.

நல்ல கம்பெனிகள் தங்கள் கையுறைக்கு ஒரு பட்டியல் வெளியிடுகின்றன. எந்த ரசாயனம் எத்தனை நிமிடத்தில் மறுபக்கம் வரும் என்று அதில் இருக்கும். ஸ்டோர் கிளார்க்கிடம் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.